உப்புமாவில் வந்த ரேடியோ

தொண்ணூற்றொன்று என்றதும் எங்கள் பெரும்புதூர்ப் பக்கத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வரும். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் வருவது ஒரு தெர்மாகோல் துண்டும் அதிலிருந்த இரண்டு சின்னக் குழிகளும்தான்.

அப்போது எனக்கு இருபது வயது. ஒரகடம் ரோட்டில் ஒரு தெர்மாகோல் கம்பெனியில் வேலை. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தையும் ஏ.சி. பஸ்ஸையும் நினைக்க வேண்டாம், அதெல்லாம் பிறகு வந்த கதை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பாய்லர், நாலு மிஷின், முப்பது பேர். சவ்வரிசி மாதிரி மணி மூட்டையில் வரும். அதை ஆவியில் பொரியவைத்து, அலுமினிய அச்சுக்குள் ஊதி, மறுபடி ஆவி விட்டு, தண்ணீர் தெளித்து ஆறவைத்தால் வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு வந்து விழும். அதன் ஓரத்துப் பிசிறை நீக்கி அடுக்குவது எங்களைப் போன்ற பெண்களின் வேலை. வீட்டுக்குப் போய்த் தலையை உதறினால் தரை முழுக்க மணி உருளும். எத்தனை தடவை பெருக்கினாலும் போகாது, அம்மா வாயில் நான் விழாத நாள் கிடையாது.

எங்களுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தது மெட்ராஸில் டி.வி.யும் ரேடியோவும் செய்கிற ஒரு கம்பெனி. நாங்கள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘பெரிய கம்பெனி’ என்போம், வீட்டுப் பெரியவரைச் சொல்வதுபோல. முப்பது பேரில் ஒரே ஒருத்தர் வீட்டில்தான் அந்தக் கம்பெனி டி.வி. இருந்தது. ஆனாலும் அதை யாராவது குறை சொல்லிவிட்டால் முப்பது பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். வேறு கம்பெனி டி.வி. வாங்கிய வீட்டைப் பார்த்தால் ஏமாந்த சோணகிரிகள் என்று பரிதாபப்படுவோம். நடிகர்களுக்கு மன்றம் வைத்திருந்தவர்களுக்கு நாங்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை. போஸ்டர் ஒட்டவில்லை, அவ்வளவுதான். இல்லை, பொய் சொல்லக் கூடாது, அதுவும் ஒட்டினோம். பழைய கேட்லாக்கிலிருந்து கிழித்த கலர் டி.வி. படம் ஒன்று சாப்பாட்டு ஷெட்டில் முருகனுக்கும் மாதாவுக்கும் நடுவில் இருந்தது.

பெரிய கம்பெனி அடுத்து என்ன விடப்போகிறது என்பதுதான் எங்களுடைய முழுநேரப் பேச்சு. மற்ற ஊரில் இதைப் பேசுகிறவர்கள் பேப்பர் பார்த்துப் பேசுவார்கள், கடைக்காரன் சொல்லைக் கேட்டுப் பேசுவார்கள். எங்களுக்கு அதெல்லாம் தேவையில்லை. சாமான் கடைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அதைப் பொதிகிற தெர்மாகோலுக்கு அச்சு வந்துவிடும். அச்சின்மேல் வெறும் நம்பர்தான் இருக்கும், உள்ளே வரப்போவது என்ன என்று சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டால் என்ன, பள்ளம் இருக்கிறதே! பள்ளத்தைப் பார்த்துப் பண்டத்தைச் சொல்வதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தோம். கண்டுபிடித்தது எங்கள் லைனில் மூத்த அக்கா, மணிமங்கலத்துக்காரி. டி.வி. இருந்த அந்த ஒரே வீடு இவருடையதுதான், ஆகவே இவர் சொல்லுக்குத் தனி மரியாதை. புது அச்சில் வருகிற முதல் துண்டுகள் எப்போதும் உடைசலாகத்தான் வரும், எறிந்துவிடுவார்கள். அதில் ஒன்றை அக்கா முந்தானைக்குள் மறைத்துச் சாப்பாட்டு ஷெட்டுக்குக் கொண்டுவருவார். செவ்வாய்க்கிழமை கேன்டீனில் உப்புமா. நாலு பேர் தட்டு உப்புமாவைப் பள்ளத்தில் போட்டு, கரண்டியால் அழுத்தி, வாழை இலையில் கவிழ்த்தால் பெரிய கம்பெனியின் அடுத்த மாடல் ஆவி பறக்க எழுந்து நிற்கும். நடுவில் கடுகும் கறிவேப்பிலையும் இருக்கும், அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்தபின் சாப்பிட்டும்விடுவோம். நாலைந்து தெர்மாகோல் மணி உள்ளே போயிருக்கும், இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

இதைக் கேலி செய்யாதீர்கள். டி.வி.யில் சேனல் மாற்றத் திருகுகிற குமிழ் போய்ப் பொத்தான் வரப்போகிறது என்று கடைத்தெருவுக்குத் தெரியுமுன்பே உப்புமா சொன்னது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னுக்குக் கைப்பிடி வரும் என்றும் உப்புமாதான் சொன்னது. இரண்டும் பலித்ததும் எங்களுக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த வருஷம் வெயில் ஆரம்பிக்கும்போது நாற்பத்தேழாம் நம்பர் அச்சு வந்தது. உப்புமாவைக் கவிழ்த்தோம். ஒரு ரொட்டி அளவுக்குப் பெட்டி. அதைத் தொடாமல் தள்ளி, நெல்லிக்காய் அளவில் இரண்டு உருண்டைகள். இந்த மாதிரி நாங்கள் பார்த்ததே இல்லை.

“சின்ன டி.வி.” என்றார் அக்கா. “மடியில வச்சிகினு பாக்கறது. அந்த ரெண்டு உருண்டையும் ஏரியல் குமிழு.”

அச்சு மாட்டுகிற ஃபிட்டர் அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் உப்புமாவைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “ஒயர் இல்லாத போனா இருக்கும்” என்றார். உருண்டைகளைப் பற்றிக் கேட்டதற்கு, “அது சும்மாக் குழி பிள்ள. மணி மிச்சம் பண்ண விட்டிருப்பான். எல்லா அச்சிலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும்லா” என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியவில்லை. துபாயிலிருந்து வந்த ஒருவர் காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டதை ஒருமுறை தாம்பரத்தில் பார்த்திருந்தேன். “காதுல மாட்டற ரேடியோ! ரெண்டு காதுக்கு ரெண்டு உருண்டை” என்று கத்தினேன். நாலைந்து பேர் உடனே தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அதோடு நின்றிருந்தால் ஒரு வார அரட்டையாகப் போயிருக்கும். நிற்காததற்குக் காரணம் என் அப்பா.

அப்பா கல் உடைக்கிற கிரஷரில் பதினெட்டு வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தார். ஜல்லி மலைமலையாகக் குவிந்தது, காது போனது. கடைசி மூன்று வருஷத்தில் காதருகே போய்க் கத்தினால்தான் கேட்கும். அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள், சைக்கிளில் கிரஷருக்குப் போகும்போது பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்திருக்கிறது. ஒரு மைல் தூரம் அடித்தானாம். அப்பா நடு ரோட்டில் ராஜா மாதிரி போய்க்கொண்டே இருந்திருக்கிறார். லாரிக் கண்ணாடி ஹேண்டில்பாரில் இடித்துப் பள்ளத்தில் விழுந்தார். முழங்கை தோல் உரிந்ததோடு போனது. “டிரைவரு எறங்கி வந்து இன்னாவோ சொன்னான், ஒண்ணும் கேக்கல. ஆனா வாய நல்லா தொறந்தாம்பா” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த தடவை ஆள் திரும்ப மாட்டார் என்று அழுதாள். நானும் அன்றிலிருந்து ரோட்டில் லாரி ஹாரன் கேட்டாலே அப்பா சைக்கிள் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

என் ஈ.எஸ்.ஐ. கார்டில் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. அம்மா அவரை அழைத்துக்கொண்டு நடையாய் நடந்து ஒரு காது மிஷின் வாங்கிவிட்டாள். சட்டைப் பையில் வைக்கிற சின்ன டப்பா, அதிலிருந்து ஒரு ஒயர், நுனியில் காதில் சொருகுகிற ஒரு பித்தான். ஆஸ்பத்திரியில் மாட்டியதும் நன்றாகக் கேட்டிருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர், “மிஷினு, டிக்கெட் எடு” என்று சொன்னதும் நன்றாகவே கேட்டிருக்கிறது. அடுத்த ஸ்டாப்பிலேயே கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிவிட்டார். எங்கள் ஊரான வடக்குப்பட்டில் அதை ஒருவரும் பார்க்கவில்லை. டிரங்குப் பெட்டியில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அவரைக் கெஞ்சுவதற்கும் வழியில்லை. காதில் விழும்படி கெஞ்சினால் தெருவுக்கே மிஷின் விஷயம் தெரிந்துவிடும், பிறகு அவர் சாகிறவரை மாட்ட மாட்டார். எழுதிக் காட்டலாம் என்றால் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. ஆகவே நானும் அம்மாவும் காதைத் தொட்டு, டிரங்குப் பெட்டியைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, ஊமை நாடகம் போடுவோம். அவர் ஒன்றும் புரியாதவர்போல் வெற்றிலை மடிப்பார்.

நாற்பத்தேழாம் நம்பர் உப்புமா கவிழ்ந்த அன்று சாயங்காலம், வழக்கம்போல் அப்பாவிடம் கம்பெனிக் கதையைச் சொன்னேன். சொன்னேன் என்றால் கத்தினேன் என்று அர்த்தம். குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்களும் கேட்டார்கள், எதிர் வீட்டுக்காரரும் கேட்டார். ஒரு ஊர் முழுக்க ரேடியோ செய்தி கேட்பதுபோல் அந்தத் தெரு என் கம்பெனிக் கதையைத் தினமும் கேட்கும். 

அப்பா அன்றைக்கு அதிசயமாகக் குறுக்குக் கேள்வி கேட்டார். “ஒயரு இருக்குமா அதுல?”

“இருக்கும்ப்பா!”

“டப்பாவ சட்டப் பையில வச்சிக்கறதா?”

“ஆமாம்ப்பா!”

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அப்பாவால் ரகசியம் கேட்கத்தான் முடியாது, சொல்ல முடியும். என் காதருகே குனிந்து சொன்னார்: “பெரிய கம்பெனி போட்டா எல்லாரும் வாங்குவான். ஊர்ல எல்லாரு காதுலயும் ஒயரு தொங்கும். அப்ப நானும் நம்மள்த எடுத்து மாட்டிக்கறேன். எது ரேடியோ, எது காது மிஷினுன்னு எவன் கண்டான்? அது வர்ற வரிக்கும் என்னத் தொந்தரவு பண்ணாதீங்க.”

அன்றிலிருந்து எனக்கு நாற்பத்தேழு விளையாட்டில்லை. அது காது ரேடியோவாக இருந்தே தீர வேண்டும். சின்ன டி.வி. கட்சியையும் போன் கட்சியையும் தினமும் சாப்பாட்டு வேளையில் விரட்டி விரட்டி அடித்தேன். “கையளவு ரேடியோவுக்கு ரொட்டியளவு பள்ளம் எதுக்கு?” என்று அக்கா மடக்கினார். சார்ஜர் வைக்க வேண்டாமா, புத்தகம் வைக்க வேண்டாமா, உறை வைக்க வேண்டாமா என்று நான் சாமான்களாகப் போட்டுப் பள்ளத்தை நிரப்பினேன். ஃபிட்டர் அண்ணன் தெர்மாகோலின் அடியைத் தட்டிக் காட்டினார். “பாரு, அடி இவ்வளவு கனமா வச்சிருக்கான். உள்ள வாறது வெயிட்டான சாமான். காதுல மாட்டுனா காது அறுந்துரும்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு வருஷம் அதே வேலை பார்த்த எனக்குச் சும்மாக் குழி தெரியாதா என்ன? தெரியும். ஆனால் தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை. அப்பாவும் மகளும் ஒரே காதை வைத்திருந்தோம்.

“சும்மா இருக்கறதுக்கு ஒரு குழி போதாதா, எதுக்கு ரெண்டு? அதுவும் ஒரே அளவுல?” என்று கேட்டேன். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அதை நான் வெற்றி என்று எழுதிக்கொண்டேன்.

சாயங்காலமானால் தெருவுக்கு அன்றைய நிலவரம் போகும். கம்பெனியில் பாதிப் பேர் என் பக்கம் வந்ததையும், சார்ஜர் உண்டு என்பதையும், மழையில் நனைந்தாலும் கெடாது என்பதையும் (இது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது) அப்பா காதில் போட்டேன். எதிர் வீட்டுக்காரர் பெரும்புதூரில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தார். அவர் வாயில் ஒரு விஷயம் விழுந்தால் அது ராமாநுஜர் கோயில் மாடவீதியைச் சுற்றி வந்துதான் நிற்கும். இரண்டாவது வாரம் சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். பெரும்புதூர் டி.வி. கடையில் ஆட்கள் வந்து, மழையில் நனையாத காது ரேடியோ வந்துவிட்டதா என்று கேட்கிறார்களாம். கடைக்காரன் பெரிய கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறான். அவர்கள் இங்கே கேட்டிருக்கிறார்கள்.

“யாரு வெளியில சொன்னது?” என்றார் சூப்பர்வைசர்.

முப்பது பேரும் தரையில் கிடந்த மணியை எண்ணினோம். சூப்பர்வைசர் போகும்போது மெதுவாக அக்காவிடம், “ஆமா, நனையாதாமே, நெசமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம், பெரிய கம்பெனியிலிருந்து சாம்பிள் கொண்டுவந்து தெர்மாகோலில் வைத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. முந்தின நாளே அப்பாவிடம் கத்திவிட்டேன். நாளைக்குத் தெரிந்துவிடும்! அப்பா அன்று வேலை விட்டு வந்ததும் சட்டைப் பையை வெளியே இழுத்துத் தூசி தட்டியதைப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தார்.

மறுநாள் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மேஜைமேல் பையை வைத்து, ஜிப்பைத் திறந்து, இரண்டு கையாலும் மூச்சுப்பிடித்துத் தூக்கி ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வெளியே எடுத்தார்கள். முன்னால் ஒரு முள், ஒரு சிவப்பு விளக்கு.

“இன்னா இது, ஸ்டெப்லைசரா?” என்றார் அக்கா. அவர் வீட்டு டி.வி.க்குக் கீழே, கரண்ட் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள, அதன் அண்ணன் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

“புது மாடல். வோல்டேஜ் காட்ட மீட்டர் வச்சிருக்கோம்” என்றார் வந்தவர், குழந்தை பிறந்த அப்பா மாதிரி. சாமி கும்பிடப் போனவர்களுக்குக் கரண்ட் பில்லைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி நின்றோம். அதைத் தெர்மாகோலில் பொதிந்து, அட்டைப் பெட்டியில் வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தார்கள். உடையட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். உடையவில்லை. எங்கள் தெர்மாகோல் அவ்வளவு நல்ல தெர்மாகோல்.

எனக்கு மனசு ஆறவில்லை. கிட்டே போய்க் கேட்டேன். “சார், இந்த ரெண்டு குழியில இன்னா சார் வரும்?”

அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அந்தக் குழிகளை முதல்முறையாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது. “இதா? ஒண்ணும் வராதும்மா. மெட்டீரியல் மிச்சம் பண்றதுக்கு.”

ஃபிட்டர் அண்ணன் நல்லவர். என்னைப் பார்த்துச் சிரிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பாய்லருக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். ஸ்டெபிலைசருக்காக அழுத ஒரே ஆள் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் அடுத்த கஷ்டம் உறைத்தது. அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும். சொல்வதென்றால் கத்த வேண்டும். கத்தினால் காது ரேடியோ கிடையாது என்று அந்த நிமிஷமே தெரு முழுக்கத் தெரியும், எவன் காதிலும் ஒயர் தொங்கப்போவதில்லை என்று அப்பாவுக்கும் தெரியும். மிஷின் டிரங்குப் பெட்டியிலேயே கிடக்கும். அவர் நடு ரோட்டில் போய்க்கொண்டே இருப்பார். கையில் நாற்பத்தேழாம் நம்பர் உடைசல் துண்டு ஒன்று இருந்தது. எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை, ஆத்திரத்தில் எங்காவது எறிய நினைத்திருப்பேன்.

தெருவில் திரும்பினால் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். குழாயடிப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். எதிர் வீட்டுக்காரர் லாட்ஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். நடுவில் அப்பா, துவைத்த சட்டையில்.

“இன்னாமா ஆச்சு? அதானா?” என்றார் எதிர் வீட்டுக்காரர்.

“இருங்க மாமா, கை கால் கழுவிகினு வரேன்” என்று உள்ளே ஓடினேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டுப்புடவையைத் தள்ளி, கைக்குட்டையை அவிழ்த்து மிஷினை எடுத்துத் தெர்மாகோலில் வைத்தேன். டப்பா பெரிய பள்ளத்தில் படுத்தது. பித்தான் அந்தச் சின்னக் குழியில் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. மூன்று வாரம் சண்டை போட்டேனே, ஒரு குழிக்காவது நியாயம் கிடைத்தது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து பார்த்தபடி நின்றாள்.

வாசலுக்கு வந்து தெர்மாகோலை அப்பாவிடம் நீட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன்: “வந்திருச்சுப்பா! காது ரேடியோ! கடைக்கு வர நாளாவும், கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும் சாம்பிள் குடுத்தாங்க! உனக்குதான்ப்பா மொதல்ல!”

அப்பா துண்டைப் பார்த்தார். தன்னுடைய மிஷினை அவருக்குத் தெரியாதா? ஓரத்தில் ஆஸ்பத்திரிக்காரன் ஒட்டிய பிளாஸ்டர்கூட அப்படியே இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அழுத முகம் கழுவாமலே வந்திருந்தேன். அப்புறம் நிதானமாக டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், பித்தானைக் காதில் சொருகினார், குமிழைத் திருகினார். கீச்சென்று ஒரு விசில் வந்தது.

“ஸ்டேசன் மாத்தறாரு” என்றார் எதிர் வீட்டுக்காரர், கூட்டத்துக்கு விளக்கம் சொல்லும் குரலில்.

விசில் நின்றது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

“இன்னா வருது?” என்று ஒருத்தி கத்தினாள். அப்பா முகத்தைச் சுளித்து, “நியூஸு” என்றார்.

“இன்னா சொல்றான்?”

“இன்னும் முடியல. இரு.”

குழாயடிப் பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சாதாரணக் குரலில் சொன்னாள்: “செவிட்டு மனுசனுக்கு ரேடியோ ஒரு கேடு.” மூன்று வருஷமாக அவர் முன்னால் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்டும் கேட்காததுபோல் போய்க்கொண்டிருந்தேன். அப்பா கண்ணைத் திறந்து அவள் பக்கம் திரும்பினார். “இதுல எல்லாம் சொல்றாம்மா. ஒண்ணு விடறதில்ல” என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்து வைத்தாள்.

எதிர் வீட்டுக்காரருக்குக் கை பரபரத்தது. “கொஞ்சம் குடுபா, ஒரு பாட்டு கேட்டுட்டு தரேன்” என்று வாங்கிச் சொருகிக்கொண்டார். அவர் கண் விரிந்தது. “பாட்டு ஒண்ணும் காணமே. நான் பேசறதுதான் எனக்கே கேக்குது?”

அப்பா பித்தானைத் திரும்ப வாங்கித் துடைத்துக் காதில் வைத்தார். “உன் பேச்செல்லாம் ரேடியோவுல போடறான். சந்தோசப்பட்டுக்கோ” என்றார்.

கூட்டம் கொஞ்ச நேரம் பெரிய கம்பெனியின் பெருமையைப் பேசிவிட்டுக் கலைந்தது. இத்தனை சின்ன டப்பாவில் இத்தனை சக்தியா, தீபாவளிக்குள் கடைக்கு வந்துவிடுமா, இதற்கு அடுத்து என்ன விடுவார்கள் என்று பேசிக்கொண்டே போனார்கள். எதிர் வீட்டுக்காரர், அடுத்தது கண்ணில் மாட்டுகிற டி.வி.தான் என்று தெருமுனை வரை அடித்துச் சொல்லிக்கொண்டு போனார்.

அப்பா உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பித்தான் காதிலேயே இருந்தது. நான் அடுப்பங்கரைக்குப் போய், மூன்று வருஷப் பழக்கத்தில் அவர் இருப்பதையே மறந்து, அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன்: “எல்லாம் பொய்மா. ரேடியோவும் இல்ல ஒண்ணும் இல்ல. அது வெறும் ஸ்டெப்லைசரு. இந்தப் பிடிவாதக்கார மனுசன வேற எப்பிடி வழிக்குக் கொண்டாறதுன்னு தெரியல எனக்கு.”

“தெரியும்மா” என்றார் அப்பா.

நானும் அம்மாவும் திரும்பிப் பார்த்தோம். அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ரகசியமாகக் கிசுகிசுக்கவும் இல்லை. அவருக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். வாசல்படி தாண்டாத குரல்.

“கொஞ்சம் வா இங்க” என்றார். போய் முன்னால் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மூணு வருசமா இப்பிடியேவா கத்திகினு இருந்த? தொண்ட நோவலியாமா உனக்கு?”

எனக்கு வலித்தது அப்போதுதான் தெரிந்தது. இல்லை என்று சொல்ல வேண்டும், அதையும் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்பாவிடம் பேசுவதற்கு என் வாய்க்கு வேறு விதம் தெரியவில்லை.

“இல்லப்பா!” என்று கத்தினேன்.

அவர் துடித்துப்போய்ப் பித்தானைப் பிடுங்கிக் காதைத் தேய்த்தார். அம்மா பயந்து கரண்டியைக் கீழே போட்டாள். அப்பா கொஞ்சம் பொறுத்துப் பித்தானை மறுபடி எடுத்துக் காதில் வைத்து, விசில் அடங்கும்வரை காத்திருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா சொல்லு” என்றார். “கேக்குது.”